அண்ணியின் தக்காளி நாற்றுகள்

இருந்த விதை மொத்தத்தையும் அண்ணன் ஒரே காலையில் விதைத்துவிட்டான். நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் காரியம் முடிந்திருந்தது. நாற்றுக் குழித்தட்டின் ஒவ்வொரு குழியிலும் விரல் நுனி அழுத்திய தடம். அண்ணி விதை சேர்த்து வைத்திருந்த மாத்திரை டப்பா, மூடி திறந்து காலியாகக் கிடந்தது.

“பாதியையாவது எடுத்து வெச்சிருக்கக் கூடாதா அண்ணா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா என்ன பண்ணுவ?”

“ஏன், உனக்கு வளக்கத் தெரியாதா பாப்பா?” என்றான்.

ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதிலும் அவனுக்கு நான் பாப்பாதான். மேலும் கத்துவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். அண்ணி இறந்த பிறகு அவனை என் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தேன். வந்த நாளிலிருந்து ‘ம்’, ‘வேணாம்’ என்பதைத் தவிர அவன் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அந்தத் தக்காளி எந்தக் கடையிலும் கிடைக்காது. அண்ணி தன் பால்கனியில் தொட்டி தொட்டியாக வளர்த்தது. கொஞ்சம் கோணலாக, மடிப்பு மடிப்பாகக் காய்க்கும். வருஷா வருஷம் நல்ல பழமாகப் பார்த்து ஒன்றை எடுத்து, விதையைக் கழுவி, காகிதத்தில் பரப்பி உலர்த்தி வைப்பாள். அப்புறம் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, டாக்டர் தக்காளியே ஆகாது என்று சொல்லிவிட்டார். அப்போதும் வளர்ப்பதை நிறுத்தவில்லை. தான் வாயில் வைக்க முடியாத பழத்தை அக்கம்பக்கத்துக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்தாள். அவள் போன பிறகு தொட்டிகள் காய்ந்து கருகிவிட்டன. அண்ணனை அழைத்து வரப் போனபோது அவன் எடுத்துக்கொண்டது ஒரு பை துணியும் அந்த டப்பாவும்தான். இந்தத் தட்டு கெட்டால் அந்தத் தக்காளி இனி எங்கேயும் கிடையாது. அதோடு சேர்ந்து அண்ணனும் போய்விடுவான் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை குட்டி கிடையாது. அவனுக்கு என்னை விட்டால் நாதியில்லை.

நான் நாற்று வளர்த்து விற்பவள். பக்கத்துக் கட்டடம் வெயிலை மொத்தமாக மறைத்துவிட்டதால் எல்லாம் வீட்டுக்குள்ளேதான். இரண்டாவது படுக்கையறையில் கட்டிலைத் தூக்கிவிட்டு இரும்பு அடுக்குகள் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு தட்டுக்கு மேலும் நீள விளக்கு, மூலையில் சின்ன ஃபேன். தென்னை நார்த்தூள், மண்புழு உரம், கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு, அவ்வளவுதான் என் சரக்கு. ரசாயனம் ஒரு சொட்டு உள்ளே வராது. விளக்கெல்லாம் எலக்ட்ரீஷியனான என் வீட்டுக்காரர் மாட்டியது. “எங்களுக்கு ஹால்ல ஒரே ஒரு டியூப் லைட்டு, இதுங்களுக்குக் கல்யாண வீடு மாதிரி வெளிச்சம்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார்.

அந்த அறைக்குள் நான் மனுஷியாக இருக்க மாட்டேன் என்பது எல்லாருக்கும் தெரியும். பூவாளியை யாராவது தொட்டால் குதித்துவிடுவேன். வீட்டுக்குள் வளரும் நாற்று பெரும்பாலும் பாசத்தால்தான் சாகிறது. போகும்போது கொஞ்சம், வரும்போது கொஞ்சம் என்று தண்ணீர் தெளித்து, ஆசை ஆசையாகக் கொன்றுவிட்டு, “என்னாச்சுன்னே தெரியல” என்று என்னிடம் வந்து நிற்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு நான் பாவம் பார்ப்பதில்லை.

அப்படிப்பட்ட நான்தான் அண்ணனிடம் சொன்னேன்: “இந்தத் தட்டு உன்னோடது. நீதான் பாத்துக்கணும். நான் கை வைக்க மாட்டேன்.”

வந்ததிலிருந்து அவன் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுவான், வைக்காவிட்டால் கேட்க மாட்டான். காலையில் எழுந்திருக்க அவனுக்கு ஒரு காரணம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் அவனை அறைக்குள் நிற்க வைத்து எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். விரலை விட்டுப் பார், ஈரம் பட்டால் ஊற்றாதே. மேல்மண் கறுப்பாக இருந்தால் தண்ணீர் இருக்கிறது, வெளுத்தால் காய்கிறது. சந்தேகம் வந்தால் பொறு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வாழ்நாள் முழுக்க லேத் பட்டறையில் வேலை செய்தவன். இரும்பைத் தடவியே நூலளவு பிசகைச் சொல்லிவிடுவான். இவனுக்குப் போய் ஈரம் தெரியாதா?

தண்ணீர் விஷயத்தில் அவனை நம்ப எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அண்ணி குடிக்கும் தண்ணீருக்கு டாக்டர் அளவு வைத்துவிட்டார். உடம்பில் தண்ணீர் தங்கினால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும், ஆளே போய்விடுவாள் என்று எச்சரித்திருந்தார். அண்ணன் ஒரு டம்ளரின் உள்பக்கம் ஊசியால் கோடு கீறி, அந்தக் கோட்டுக்கு ஒரு சொட்டு மேலே போகாமல் வருஷக்கணக்கில் கொடுத்தான். “உங்கண்ணன் லேத்துல ஆணி கடையற மாதிரி எனக்குத் தண்ணிய அளக்கறாரு” என்று அண்ணி சிரிப்பாள். ஆஸ்பத்திரியில் நர்ஸுகள்கூட அவனைக் காட்டித்தான் மற்றவர்களுக்குப் புத்தி சொன்னார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

விதை முளைத்தது. மண்ணைக் கீறிக்கொண்டு, கொண்டை ஊசி போல வளைந்து, விதைத்தோலைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எழுந்தது. அன்று நான் அடுப்பில் வேலையாக இருந்தபோது அந்த அறையிலிருந்து குரல் வந்தது.

“பாப்பா! மேடம் தலையத் தூக்கிட்டாங்க!”

அண்ணியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். கல்யாணம் ஆன புதிதில் அவள் போட்ட அதிகாரத்தைப் பார்த்து வைத்த பெயர். நான் போய்ப் பார்த்துச் சிரித்தேன். திரும்பி வந்து அடுப்படியில் நின்று அழுதேன். இனிப் பயமில்லை, அண்ணன் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

அதன்பிறகு எனக்கு முன்பே அவன் எழுந்துவிடுவான். குளித்து, தலைவாரி, ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தட்டின் முன்னால் உட்காருவான். விதையிலை இரண்டும் விரிந்து, நடுவில் நிஜ இலை எட்டிப் பார்க்க ஆரம்பித்த சமயம், ஒரு நாற்று சாய்ந்தது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் மாதிரி இற்றுப்போயிருந்தது. நாற்றழுகல், ஈரம் மிஞ்சினால் வருவது. பிடுங்கி எறிந்துவிட்டு ஃபேனை அந்தப் பக்கம் திருப்பினேன், பூஞ்சைக்கு எதிராக மண்மேல் லவங்கப்பட்டைத் தூள் தூவினேன். மறுநாள் ஒரு வரிசையே படுத்துவிட்டது.

“தண்ணி அதிகமா ஊத்தறியா அண்ணா?”

“இல்லையே.”

அவன் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால் நம்பினேன். நார்த்தூளில் கோளாறோ, உரம் சரியாக மக்கவில்லையோ என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். மற்ற தட்டுகள் எல்லாம் ஜம்மென்று நிற்க, அந்த ஒரு தட்டு மட்டும் நாளுக்கு நாள் வழுக்கையாகிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் மதியம் நாற்றுகளை ஒரு வீட்டில் கொடுக்கக் கிளம்பியவள், பையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். அண்ணன் பூவாளியைச் சரித்துப் பிடித்து நின்றுகொண்டிருந்தான். அவசரமே இல்லை. குழந்தைக்குத் தலையில் தண்ணீர் வார்ப்பது போல, ஒவ்வொரு குழியாக. தட்டிலிருந்து வழிந்த தண்ணீர் அடுக்கின் காலில் இறங்கித் தரையில் தேங்கியிருந்தது.

“அண்ணா! என்ன பண்ற?”

திரும்பிப் பார்த்தான். திருட்டுமுழி இல்லை, பதற்றம்தான் இருந்தது. “வாடுது பாப்பா. பாரு, எல சோந்து தொங்குது. தண்ணி கேக்குது.”

“தண்ணி கேக்கல! தண்ணிக்குள்ள மூச்சு முட்டிச் சாகுது! வேரு அழுகிப்போச்சுன்னா அது எப்படிக் குடிக்கும்? தண்ணியிலயே நிக்குது, ஒரு வாய் உள்ள போகல, அதான் வாடுது. நீ மறுபடி மறுபடி ஊத்தற!” வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். கடைசியில் அதையும் சொன்னேன். “நீயே கொன்னுட்ட அண்ணா. உன் கையாலேயே கொன்னுட்ட.”

அவன் பூவாளியைத் தரையில் வைத்தான். நாங்கள் அவனுக்கு ஒழித்துக் கொடுத்த சின்ன அறைக்குள் போய்விட்டான்.

வாசலில் என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சாப்பிட வந்தவர். எல்லாம் காதில் விழுந்திருந்தது. “மச்சான்கிட்ட அந்த வார்த்தைய சொல்லியிருக்க வேணாம்” என்றார்.

“உள்ளதத்தானே சொன்னேன்?”

“உள்ளதுதான். கடையில ஏதாவது மருந்து வாங்கிட்டு வரட்டா? ஒரு தடவ அடிச்சா நின்னுடும்ங்கறாங்க.”

“மருந்து வந்து அண்ணன் கையப் பிடிச்சுக்குமா?” என்று அவர் மேலும் பாய்ந்தேன். அவருக்குப் பழக்கம்தான், கை கழுவப் போனார். நான் தட்டைத் தூக்கினேன். செங்கல் மாதிரி கனத்தது. செத்ததையெல்லாம் களைந்தேன். ஒரு மூலையில் நாலைந்து மட்டும் நின்றன, அவையும் துவண்டுதான். இந்தத் தட்டை அண்ணனிடமிருந்து பிடுங்கி எங்கேயாவது வைத்தால் நாற்று பிழைக்கும், அவன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவான். அவனிடமே விட்டால் நாற்று சாகும், அதற்கப்புறம் அவனும் இருக்க மாட்டான். எந்தப் பக்கம் யோசித்தாலும் வழி தெரியவில்லை.

சாப்பிடக் கூப்பிடப் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கடைசி நாள் உங்கண்ணி என்ன கேட்டா தெரியுமா பாப்பா?”

எனக்குத் தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

“தண்ணி கேட்டா. காலையிலேருந்து கேட்டா. அன்னிக்கு அளவு அப்பவே முடிஞ்சுபோச்சு. சாயங்காலம் தரேன்னேன். காலு வீங்கிக் கெடக்கு, மூச்சு வாங்குது, உடம்பு பூரா தண்ணி. நாக்கு மட்டும் காஞ்சு மேல ஒட்டிக்குது. ‘ஒரே ஒரு வாய்ங்க’ன்னா. நான் பஞ்ச நனைச்சு ஒதட்டுல வெச்சேன். அதப் புடிச்சுச் சப்பினா பாப்பா. நான் வெடுக்குனு இழுத்துட்டேன்.” தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். “சாயங்காலம் அவ இல்ல.”

“குடுத்திருந்தா அதுக்கு முன்னாடியே போயிருப்பாங்க அண்ணா. மூச்சு முட்டி…”

“தெரியும். டாக்டரும் அதேதான் சொன்னாரு. நான் பண்ணினதுல தப்பில்லன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. எனக்கும் தெரியும். ஆனா அவ கேட்டா. கேட்டும் நான் குடுக்கல.”

தெருவில் ஏதோ வண்டி நின்று கிளம்பியது. அவன் தொடர்ந்தான்.

“இதுங்களாவது வாயத் தொறந்து கேக்கற நெலம வரக் கூடாதுன்னு பாத்தேன். கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டா அப்புறம் கேக்காது இல்ல? உங்கிட்ட இல்லன்னு சொன்னது பொய்தான். நீ வெளிய போற நேரமாப் பாத்து ஊத்தினேன்.”

தரையில் அவன் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அண்ணியை நினைத்து அழுதேனா, அவனை நினைத்தா என்று எனக்கே தெரியவில்லை. தண்ணீரை அளந்து கொடுத்தான் என்று இத்தனை நாளும் எல்லாரும் அவனை மெச்சியிருக்கிறோம். ஒவ்வொரு மெச்சலும் அவன் மேல் எப்படி விழுந்திருக்கும் என்று யோசிக்கக்கூட முடியவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு தட்டை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தேன்.

“மிச்சம் இருக்கறது இவ்வளவுதான் அண்ணா. இன்னிக்கும் இது உன்னோடதுதான். ஆனா இனிமே மேல ஊத்தற வேலையே கிடையாது. இது காயணும். நல்லாக் காயணும்.”

“வாடுமே.”

“வாடும். வாடறதுல ரெண்டு விதம் இருக்கு. பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அதுலதான் எல்லாரும் ஏமாறுறது. தட்டைக் கையில தூக்கிப் பாரு. கனமா இருந்து வாடினா குடுக்காத. லேசா இருந்து வாடினா, அப்ப அது நெஜமாவே கேக்குது.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “அப்ப குடுக்கலாமா?”

“அப்ப குடுக்கணும். என்னக்கூடக் கேக்க வேணாம். உடனே குடு.”

“அதுவரைக்கும் பாத்துட்டு சும்மா இருக்கணுமா?”

“இருக்கணும். முடியாதுன்னா சொல்லு, நான் பாத்துக்கறேன்.”

அவன் எழுந்து போய், பூவாளியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தான். “இத என் கண்ணுல படாத எடத்துல வெச்சுடு.”

அந்த மனுஷன் பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு, துவண்ட இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிக்கடி தட்டைத் தூக்கிப் பார்த்தான். கனம். வைத்துவிட்டான். ஒருமுறை எழுந்து குழாயடி வரைக்கும் போய், குழாயைத் திறக்காமல் திரும்பி வந்தான். இன்னொரு நாற்று இற்று விழுந்தது. அதைத் தானே பிடுங்கி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். நான் போய் நின்றேன். திட்ட மாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். “இது தாகத்துல போகல இல்ல?” என்றான். “இல்லண்ணா, பழைய அழுகல். நேத்தே போயிருக்கு” என்றேன். தலையாட்டினான்.

மறுநாள் மேல்மண் வெளுத்து, குழி ஓரத்தில் விலகத் தொடங்கியது. நின்றவை மூன்று. அவை கொஞ்சம் நிமிர்ந்திருந்தன, தண்டும் கழுத்துப் பக்கம் உறுதியாகியிருந்தது. வேருக்குக் காற்றுப் பட்டிருக்கிறது, இனிப் பிழைக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அவனிடம் சொல்லவில்லை. தட்டு அவனுடையது.

அதற்கடுத்த நாள் மதியம் கூப்பிட்டான். நான் ஈரக்கையோடு ஓடினேன்.

தட்டை இரண்டு கையிலும் ஏந்தி நின்றான். மூன்று நாற்றும் தலை கவிழ்ந்து தொங்கின. “லேசா இருக்கு பாப்பா. நீயும் ஒரு தடவ பாத்துடு. நான் ஆசையில நெனச்சுக்கறேனோ என்னவோ.”

வாங்கிப் பார்த்தேன். கையில் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது.

“கேக்குது அண்ணா.”

அடியில் வைக்கும் அகலத் தட்டில் அவனே சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினான். அவசரத்தில் பாதி தரையில் சிந்தியது, மறுபடி போய்ப் பிடித்து வந்தான். நாற்றுத் தட்டை அதற்குள் மெல்ல இறக்கினான். மண் அடியிலிருந்துதான் இனி உறிஞ்சும். எவ்வளவு வேண்டும் என்பது அதன் பாடு.

“இந்தா” என்றான். குரல் எனக்குக் கேட்க வேண்டும் என்று பேசியதாக இல்லை. “குடி. வேணுங்கற மட்டும் குடி. நான் அளக்கல.”

வெளுத்த மண் அடியிலிருந்து கறுத்துக்கொண்டே மேலே வந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பில் வைத்தது தீய்ந்த வாசனை வந்தது, நான் எழுந்திருக்கவில்லை. மேல்மண்ணிலும் ஈரம் தெரிந்த பிறகு, முதலில் ஒரு நாற்றின் இலை அசைந்தது. அப்புறம் தண்டு. கண் முன்னாலேயே மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தன.

அண்ணன் தட்டைத் தூக்கி எடுத்தான். அடித் தட்டில் தண்ணீர் மீதி இருந்தது. அதைக் குனிந்து பார்த்தான், ரொம்ப நேரம் பார்த்தான்.

“மிச்சம் இருக்கு பாப்பா” என்றான். “போதும்னு விட்டுடுச்சு.”

அண்ணியை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், அந்தத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். நான் அவன் முதுகில் கை வைத்து நின்றேன்.